இரட்டை விசில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒளித்தான், மறைத்தான் என்று யாரும் என்னைப் பேசக் கூடாது. அன்றைக்கு விசில் ஊதியது நான். ஒன்று ஊதினால் நிறுத்து, இரண்டு ஊதினால் கிளம்பு. பஸ்ஸில் ஏறிய எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. நான் பின் கதவைப் பார்க்காமல் இரண்டு ஊதினேன், வண்டி கிளம்பியது. பின் படியில் ஒரு பெண் குழந்தை இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷம் ஆயிற்று. இந்த ஒன்பது வருஷமும் அந்தக் குற்றத்தைத் தன் தலையில் சுமந்தவர் வேறொருவர். இது அவரைப் பற்றிய கதை.

டிப்போவில் அவரைப் பூனை என்பார்கள். ஆள் என்னவோ பீரோ மாதிரி இருப்பார். ஆனால் வண்டியை நிறுத்துவதைப் பார்க்க வேண்டும்! நின்றதே தெரியாது. தூங்கிக்கொண்டு வருகிறவன் தூங்கிக்கொண்டே இருப்பான், அவன் இறங்க வேண்டிய இடத்தில் நான் போய்த் தட்டி எழுப்ப வேண்டும். இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். ஹாரனைத் தேவையில்லாமல் தொட மாட்டார். "நாம சத்தம் போட்டா அவன் பயந்து குறுக்க வருவான். பேசாம மெதுவாப் போ, அவனே ஒதுங்குவான்" என்பார். வேறெதுவும் பெரிதாகப் பேச மாட்டார். டயரைப் பற்றிக் கேட்டால் மட்டும் அரை மணி நேரம் பேசுவார், நாம்தான் நைசாக நழுவ வேண்டும்.

நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார், கோபம் வந்தால் டேய். நான் வேலைக்குச் சேர்ந்தபோது தினக்கூலிக் கண்டக்டர். என்னுடன் போக எந்த டிரைவரும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு வாய் நீளம். பயணிகளிடம் சண்டை போடாமல் ஒரு நடை கூடப் போனதில்லை. "இந்தப் பையன் என்கூட வரட்டும், கத்துறது எஞ்சின் சத்தத்துல எனக்குக் கேக்காது" என்று அவர்தான் என்னை ஏற்றிக்கொண்டார்.

அந்த வாய்தான் வினை வைத்தது. காலை எட்டரை மணி, பள்ளிக்கூட ஸ்டாப்பிங். வண்டி பிதுங்கி வழிகிறது. முன் படியில் ஒருவன் பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். உள்ளேயும் வர மாட்டான், கீழேயும் இறங்க மாட்டான். கடிகாரம் உடைந்துவிடுமாம். "யோவ், அதை உன் மடியில வெச்சுக் கொஞ்சுறதுக்கு ஆட்டோ பிடிச்சுப் போகவேண்டியதுதானே?" என்று நான் கத்துகிறேன். அவனும் திருப்பிக் கத்துகிறான். கடைசியில் அவன் உள்ளே ஏறினான். நான் ஜெயித்துவிட்ட மிதப்பில் விசிலை வாயில் வைத்து இரண்டு ஊதினேன். பின் பக்கம் திரும்பவேயில்லை. இறங்குகிற பிள்ளைகள் எல்லாரும் இறங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்தேனா என்பது கூட இப்போது நிச்சயமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்கப் போவதில்லை. வெளியே ஒரு பெண்ணின் அலறல் கேட்டது, அண்ணன் வண்டியை நிறுத்தினார். அந்த ஒரு தடவைதான் அவர் வண்டியை உலுக்கி நிறுத்தி நான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் விசாரணை. ஆபீஸ் வராந்தாவில் ஒரு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி அப்போது எட்டு மாதம். நான் இரண்டு கைகளாலும் முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தேன். அவரை முதலில் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷம் இருக்கும். வெளியே வந்தவர் என் பக்கத்தில் நிற்காமலே சொன்னார்.

"விசில் வரல, நானா எடுத்துட்டேன்னு சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு."

நான் உள்ளே போய் அதையே சொன்னேன். "நான் விசில் கொடுக்கவே இல்லை சார்" என்றேன். சொல்லும்போது அழுகை வந்தது, அந்த அழுகையைப் பார்த்து அவர்கள் என்னை நம்பினார்கள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் டீக்கடையில் அவர் எனக்கு விளக்கம் சொன்னார்: "நீ தினக்கூலி. உன்னை அப்படியே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எனக்கு யூனியன் இருக்கு. ஆறு மாசம் சஸ்பெண்ட் பண்ணுவாங்க, அப்புறம் வந்துடுவேன். வீட்டுல புள்ளத்தாச்சியை வெச்சுக்கிட்டு நீ எங்கடா போவ?"

ஆறு மாதம் என்றவருக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று. கோர்ட்டில் தண்டனையை நிறுத்திவைத்தார்கள், லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். டிபார்ட்மெண்ட் அவரை வண்டி கழுவுகிற இடத்தில் கொண்டு போய்ப் போட்டது. ரப்பர் பூட்ஸ், கையில் தண்ணீர்க் குழாய். அதில் கூட ஒன்றும் இல்லை, கழுவுகிற வேலை கேவலமான வேலையா என்ன? ஆனால் ஒரு வண்டியைக் கழுவி முடித்ததும் அதைப் பத்தடி முன்னால் நகர்த்த வேண்டும். லைசென்ஸ் இல்லாதவன் ஷெட்டுக்குள்ளே கூட ஸ்டியரிங் தொடக் கூடாது. அதனால் நேற்று வேலைக்குச் சேர்ந்த டிரைவர் யாராவது வந்து நகர்த்திக்கொடுக்கும் வரை, இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவர் ஈரக் கையோடு நின்றுகொண்டிருப்பார். சில நாள் அந்தப் பயல்கள் டீ குடித்துவிட்டு ஆடி அசைந்து வருவார்கள். அவர் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

நான் நிரந்தரமானேன். மகள் பிறந்தாள். வருஷா வருஷம் அவள் பிறந்த நாளுக்கு அண்ணி ஒரு கவுன் தைத்துக் கொடுத்தனுப்புவார்கள். அண்ணன் அதைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து கொடுக்கும்போது நான் வாங்கிக்கொள்வேன். "அண்ணே, நானே போய் உண்மையைச் சொல்லிடறேன்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நினைத்ததுண்டு. நினைப்பதற்கு என்ன, காசா பணமா?

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் நாடகம் வந்து நுழைந்தது. விபத்துத் தடுப்பு என்று டிபார்ட்மெண்டில் ஒரு பிரிவு இருக்கிறது. அதற்கு ஒரு அதிகாரி. போஸ்டர் ஒட்டிப் பார்த்தார், யாரும் படிக்கவில்லை. கூட்டம் போட்டார், எல்லாரும் தூங்கினார்கள். நாடகம் போட்டால் மனதில் தைக்கும் என்று யாரோ சொல்ல, ஒரு நாடகக் குழுவைப் பிடித்தார். டைரக்டர் ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கும், முட்டி வலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். அவர் நாலு நாள் வண்டி கழுவுகிற இடத்தில் ஒரு டயர் மேல் உட்கார்ந்து அண்ணனிடம் கதை கேட்டார். அண்ணன் விசாரணையில் சொன்னதையே ஒரு எழுத்து பிசகாமல் அவரிடமும் சொல்லியிருக்கிறார்.

நாடகத்தின் தலைப்பைச் சொல்லி என்ன ஆகப் போகிறது, விடுங்கள். ஒரு டிரைவர். வீட்டில் சண்டை, தூக்கமில்லை, அவசரம். விசில் வராமலே வண்டியை எடுக்கிறான். ஒரு குழந்தை சாகிறது. குழந்தையை மேடையில் காட்டவில்லை. விளக்கெல்லாம் அணைந்து, இருட்டில் ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு போகிற சத்தம் மட்டும் கேட்கும். அது நிற்க ரொம்ப நேரம் ஆகும். பிறகு மெல்ல வெளிச்சம் வரும்போது கண்டக்டராக நடிக்கிற பையன் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, "நான் விசில் கொடுக்கவே இல்லையே!" என்று கதறுவான். நல்ல நடிகன், பாவி. நான் விசாரணையில் அழுததை விட நன்றாக அழுதான்.

முதல் காட்சி எங்கள் ஆட்களுக்குத்தான். டிப்போ கேண்டீனில் மேசைகளை ஒதுக்கிவிட்டு மேடை போட்டார்கள். முன்னூறு டிரைவர்கள், கண்டக்டர்கள். ஆரம்பத்தில் ஒரே கிண்டல். "கியரை எந்தப் பக்கம் போடுறான் பாரு!" "இவன் ஓட்டுற லட்சணத்துக்கு ஷெட்டை விட்டே வெளிய வந்திருக்க மாட்டான்!" மேடையில் வண்டி கிளம்பியது. ஒரு பெண் அலறினாள். அந்த நொடியில் கேண்டீன் தரை அதிர்ந்தது. இருந்த அத்தனை டிரைவரும் வலது காலால் தரையை ஓங்கி மிதித்திருந்தார்கள். பிரேக். யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை, கால் தானாகப் போயிருக்கிறது. பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கப்புறம் கிண்டலே இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் அண்ணனுடைய காலும் நீண்டு தரையை அழுத்திக்கொண்டிருந்தது. வெளிச்சம் வந்த பிறகும் அவர் எடுக்கவில்லை.

அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. இதை ஊர் ஊராகக் கொண்டு போக வேண்டும், பொது ஜனத்துக்குக் காட்ட வேண்டும் என்று ஆரம்பித்தார். அதோடு விட்டாரா? நாடகம் முடிந்ததும் 'சம்பந்தப்பட்டவரே' மேடையில் வந்து பத்து நிமிஷம் பேசி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். நாற்பது காட்சிகள். அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நாற்பதும் முடியட்டும். ஷெட்டுக்குள்ள வண்டி நகர்த்துறதுக்கு உங்களுக்குப் பெர்மிஷன் நான் வாங்கித் தர்றேன்."

பத்தடிக்காக அந்த மனிதர் ஒத்துக்கொண்டார். எனக்கு அப்போது முதுகுவலி, லேசான வேலை கேட்டிருந்தேன். நாடகம் போடுகிற இடமெல்லாம் ஹால் வாசலில் நின்று ஆட்களை உள்ளே விடுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். எனக்கு வேண்டும். நன்றாக வேண்டும்.

அப்புறம் நான் பார்த்ததெல்லாம் ஜனங்களின் முகத்தைத்தான். எத்தனை விதம்! தண்ணீர் பாட்டில் உருளும்போது பாதிப் பேர் காதைப் பொத்திக்கொள்வார்கள். கைக்குழந்தையோடு வந்த அம்மாக்கள் குழந்தையை இறுக்கிப் பிடிப்பார்கள், அது வீல் என்று கத்தும். ஒரு பெரியவர் பாதியில் எழுந்து வந்து, "டிக்கெட் இல்லாம விட்டாலும் இதையெல்லாம் மனுசன் பாப்பானா?" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார். ஒரு பெண் வாசல் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள், நான் தண்ணீர் கொடுத்தேன். சிரிக்கிறவர்களும் உண்டு. பயத்தில் சிரிக்கிறார்களா, திமிரில் சிரிக்கிறார்களா என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. கண்டக்டர் பையன் கதறும்போது மட்டும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி. மூக்கை உறிஞ்சுவார்கள். "ஐயோ பாவம், அந்தப் பையன் என்ன பண்ணுவான்" என்பார்கள். கதவில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு அதைக் கேட்பேன்.

பிறகு அண்ணன் மேடைக்கு வருவார். ஒரு நாற்காலி, ஒரு மைக். "நான்தான் அந்த டிரைவர்" என்று ஆரம்பிப்பார். கூட்டம் ஒரு தடவை பின்னால் சாய்ந்துகொள்ளும், அதை வாசலிலிருந்தே பார்க்கலாம். அவர் பேசுவது நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். மீதி ஆறு நிமிஷமும் ஜனங்களுடையது. திட்டுகிறவர்கள் திட்டுவார்கள். "உன்னையெல்லாம் வெளிய விட்டு வெச்சிருக்காங்க பாரு." ஒருத்தி மேடையேறி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், விடவேயில்லை. ஒருவன் முடிந்த பிறகு வந்து செல்பி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். அவர் எழுந்து நின்றார். அவன் தோளில் கை போட்டு எடுத்துக்கொண்டு போனான். நான் அவனைப் பிடித்து அறைந்திருப்பேன், அண்ணன் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

எந்த ஊரானாலும் ஒரு கேள்வி மட்டும் தப்பாமல் வரும். "விசில் வர்றதுக்குள்ள உனக்கு அப்படி என்ன அவசரம்?"

"அவசரம்தாங்க. தப்புதாங்க" என்பார். அவ்வளவுதான்.

பத்துக் காட்சிகள் தாண்டியதும் ஆள் இளைக்க ஆரம்பித்தார். பீரோ மாதிரி இருந்தவருக்குச் சட்டை தோளில் நிற்கவில்லை. குழுவின் வண்டியில் திரும்பி வரும்போது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வருவார். டீ வாங்கிக் கொடுத்தால் ஆறும் வரை கையில் வைத்திருந்துவிட்டு வெளியே ஊற்றுவார். ஒரு நாள் அண்ணி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"தம்பி, அவர் வீட்டுல சுவத்தைப் பாத்துப் பேசிப் பழகறாரு. அந்தப் பத்து நிமிஷப் பேச்சை. சாப்பாட்டைப் போட்டா தட்டை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுடறாரு. ஆபீசர்கிட்ட சொல்லி எப்படியாவது அவரை இதுலேர்ந்து இறக்கி விட்டுரு. நீ சொன்னா கேப்பாங்க. உன்மேல அவருக்கு உசிரு."

சரி என்றேன். அவர்கள் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. என் மனைவி வந்து என்ன என்றாள். சொல்லிவிட்டேன். அவளிடம் கூட ஒன்பது வருஷமாகச் சொல்லாததை, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது, அவள் போய் அணைத்துவிட்டு வரட்டும் என்று கூடக் காத்திராமல் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே நின்றாள்.

"அந்தக் கவுனெல்லாம் வாங்கி நம்ம பொண்ணுக்குப் போட்டோமே" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"போட்டு, போட்டோ எடுத்து அவங்களுக்கே காட்டினோமே. வெக்கமா இல்ல உனக்கு?"

"வேலை போயிடும்" என்றேன்.

"போகட்டும். எனக்குத் தைக்கத் தெரியும், நான் தைக்கிறேன். நீ போய்ச் சொல்லிட்டு வா." அதோடு அன்று அவள் என்னிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

இப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, சொல்வது அவ்வளவு லேசா? இன்னும் மூன்று காட்சிகள் ஓடின. ஒவ்வொரு நாளும் இன்றைக்கு என்று கிளம்புவேன். வாசலில் நின்று ஆட்களை எண்ணி உள்ளே விடுவேன், கதவைச் சாத்துவேன், பாட்டில் உருளும், பையன் கதறுவான், அண்ணன் "தப்புதாங்க" என்பார். நான் கதவைத் திறந்துவிடுவேன். அவ்வளவுதான் என் வீரம்.

பதினேழாவது காட்சி ஒரு ஆபீஸ் ஹாலில், மத்தியானம். சாப்பிட்டுவிட்டு வந்த கூட்டம், முன் வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டே உட்கார்ந்தார்கள். ஆனால் பாட்டில் உருண்டதும் விழித்துக்கொண்டார்கள். அண்ணன் பேசினார். கழுத்தில் டை கசங்கித் தொங்கிய ஒரு ஆள் எழுந்து, வழக்கமான கேள்வியைக் கேட்டான். "ஏங்க, விசில் வர்ற வரைக்கும் நிக்க முடியலையா? அப்படி என்ன தலை போற அவசரம்?"

அண்ணன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள், மைக்கில் கோளாறு இல்லை. அவர் மறுபடி வாயைத் திறந்தார், உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. கேட்டவன் விடவில்லை. "பதில் சொல்லுங்க சார், உங்களைத்தான்." அண்ணன் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.  

நான் எப்படி அவ்வளவு தூரம் நடந்தேன் என்று தெரியவில்லை. நடுவழியில் ஒருவர் காலை மிதித்தேன், அவர் திட்டினார். மேடைக்குக் கீழே நின்று கத்தினேன். மைக் இல்லாமலே எனக்குக் குரல் வரும், எத்தனை வருஷம் பஸ்ஸில் கத்தியிருக்கிறேன்.

"அவரைக் கேக்காதீங்க! விசில் வந்துச்சு. நான்தான் ஊதினேன். ரெண்டு தடவை ஊதினேன். பின் கதவைப் பாக்காம ஊதினேன். நான்தான் அந்தக் கண்டக்டர். என் வேலை போயிடக் கூடாதுன்னு அவர் பழியை ஏத்துக்கிட்டாரு. ஒன்பது வருஷமா நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். என்னைக் கேளுங்க!"

 நான் அடிக்குத் தயாராகத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். முதலில் ஒரு மூலையில் ஒருவர் கை தட்டினார். பிறகு இருவர். பிறகு மொத்த ஹாலும் எழுந்து நின்று கை தட்டியது. டை கட்டிய ஆசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினான். "பிரமாதம்யா! கூட்டத்துக்குள்ளயே ஆளை வெச்சிருக்காங்க பாரு!" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

"நடிப்பு இல்லைங்க, நெசம்!" என்று கத்தினேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் டைரக்டர் அம்மாள் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மட்டும் அது உண்மை என்று புரிந்துவிட்டது. என்னைப் பார்க்காமல், "நாலு நாள் அந்தாளு பக்கத்துல உக்காந்து எழுதினேன், எல்லாம் பொய்யா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரி வந்தார். நான் அவரிடம் எழுதிக் கொடுக்கிறேன் சார் என்றேன்.

அவர் கதவைச் சாத்தினார். "இத பாருங்க. நீங்க சொன்னதை நான் கேக்கல. கேட்டா நான் எழுதணும். எழுதினா பழைய விசாரணை தப்பு, அப்ப கையெழுத்துப் போட்ட பெரிய ஆளுங்க எல்லாரும் தப்பு. நாடகம் நின்னுடும். அவருக்குக் கிடைக்க வேண்டிய பெர்மிஷனும் போயிடும். புரியுதா?"

"அப்ப நான் என்னதான் சார் பண்றது?"

"பண்ணினதையே பண்ணுங்க. ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு. நாளையிலேர்ந்து ரெண்டு நாற்காலி போடச் சொல்றேன்."

அடப்பாவி! ஒன்பது வருஷம் தொண்டையில் சிக்கியிருந்ததைத் துப்பினால், அதையும் ஒரு சீன் ஆக்கிவிட்டானே! சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் வெளியே வந்தேன். அண்ணன் குழுவின் வண்டியில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.  அவருக்குக் குரல் திரும்பியிருந்தது, ஆனால் உடைந்த குரல்.

"எதுக்குடா சொன்ன?"

"உங்களால முடியல அண்ணே."

"நான் கண்ணாடியில பாத்தேன்டா. பின்பக்கம் ஒரே கூட்டம், ஒண்ணும் தெரியல. தெரியலன்னா எடுக்கக் கூடாது. உன் விசில் வந்துச்சு, நம்பி எடுத்துட்டேன். நான் சொன்ன தப்பு வேணா பொய்யா இருக்கலாம், பண்ணின தப்பு பொய் இல்ல." பிறகு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டார், "நாளைக்கும் வருவியா?"

வருவேன் என்றேன். கண்ணை மூடிச் சீட்டில் சாய்ந்தார். டிப்போ வரும் வரை தூங்கினார்.

மறுநாள் ஒரு பள்ளிக்கூட ஹால். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள். நிஜமாகவே இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நாடகம் முடிந்தது. அண்ணன் பேசினார், கண்ணாடியில் தெரியாமலே எடுத்ததைச் சொன்னார். மைக்கை என்னிடம் தந்தார். நான் சொன்னேன். முதல் நாள் கத்தியது போல வரவில்லை, விடுமுறைக் கடிதம் படிக்கிறவன் மாதிரி முணுமுணுத்தேன். யாரும் கை தட்டவில்லை. எப்படி எடுத்துக்கொள்வதென்று அவர்களுக்கும் தெரியவில்லை, நாற்காலிகள் மட்டும் கிரீச்சிட்டன. அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஆபீசிலிருந்து நேராக வந்தவள் போல, தோளில் பை, கையில் மகனின் மார்க் ஷீட்.

"கண்டக்டர் சார், உங்களைத்தான் கேக்கறேன். அந்தக் குழந்தை பேர் என்ன?"

எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன், இதற்கு இல்லை. எனக்குத் தெரியாது. அப்போது பேப்பரில் வந்தது, நான் படிக்கவில்லை. விசாரணைக் காகிதத்தில் எழுதியிருந்தது, அதைப் படிக்காமல் கையெழுத்து மட்டும் போட்டேன். அந்த ஸ்டாப்பிங் வரும்போதெல்லாம் குனிந்து பையில் எதையாவது தேடுவேன். பேரைக் கேட்டுவிடக் கூடாது என்று ஒன்பது வருஷம் காதைப் பொத்திக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"தெரியாதுங்க" என்றேன். ஹாலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பின்னால் யாரோ "சீ" என்றார்கள்.

அண்ணன் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அந்தப் பேரைச் சொன்னார். தினமும் கூப்பிட்டுப் பழகியவர் மாதிரி, தயங்காமல் சொன்னார். "மூணாங் கிளாஸுங்க. ரெண்டாவது ஸ்டாப்பிங்ல ஏறும். ஏறுறதும் பின் கதவுலதான், இறங்குறதும் பின் கதவுலதான்" என்றார்.

அந்தப் பெண் உட்காரவில்லை. அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மறுபடி என் பக்கம் திரும்பினாள்.

"அவர் சொல்லிட்டாரு. நீங்க சொல்லுங்க."

அண்ணன் மைக்கை என் பக்கம் நீட்டிப் பிடித்தார். முதல் தடவை அந்தப் பேர் நாக்கில் தடுமாறியது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். இரண்டாம் தடவை முழுசாகச் சொன்னேன்.